நில உரிமையாளரின் சம்மதம்

எண்பதுகளின் பிற்பாதியில் சில ஆண்டுகள் நான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுத்தராக இருந்தேன். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அது. கீழே சைக்கிள் டயர் விற்கும் சீனர் கடை. மழை பெய்தால் ரப்பர் வாடை படியேறி வந்து என் கோப்புகளுக்குள் புகுந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது புது டயர் வாடை வந்தால் அந்த இடத்தைத் தாண்டி வேகமாக நடந்துவிடுவேன்.

சட்டமன்ற உறுப்பினரை எல்லாரும் ஒய்.பி. என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மனிதர் கெட்டவர் இல்லை. யார் என்ன கேட்டு வந்தாலும் "பார்ப்போம்லா" என்று தோளில் தட்டி என் மேசைக்கு அனுப்பிவிடுவார். ‘முடியாது’ என்று சொல்லும் வேலை என்னுடையது. பெஞ்சில் காத்திருப்பவர்கள் என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள்: "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க." அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

தொகுதிக்கு என்று அரசாங்கம் ஒதுக்கும் பணம் ஒய்.பி.யின் சொந்தப் பணம் அல்ல. அதை எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்று மலாயில் ஒரு தடித்த சுற்றறிக்கை இருந்தது. நான் அதை வரிக்கு வரி தமிழில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தேன். பதிவு பெற்ற சங்கத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாம். கட்சிக் கூட்டத்துக்குத் தேநீர் வாங்கக் கூடாது. ஒருவர் செத்துப்போனால் ஒய்.பி. பெயரில் மலர்வளையம் அனுப்பலாம், அதே ஆள் உயிரோடு இருக்கும்போது மருந்து வாங்கிக் கொடுக்கக் கூடாது. பொது நிலத்தில் சாக்கடை கட்டலாம், விளக்குப் போடலாம். தனியார் நிலத்தில் ஒரு செங்கல் வைப்பதென்றாலும் நில உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

கேலி செய்வதற்குச் சுலபமான விதிகள்தாம். ஆனால் அவை ஏன் வந்தன என்று எனக்குத் தெரியும். எனக்கு முன் இருந்தவர்கள் காலத்தில் யார் யார் வீட்டு முற்றத்துக்கெல்லாம் தொகுதிப் பணத்தில் தார் ஊற்றினார்கள் என்பதை அலமாரியின் அடித்தட்டில் கிடந்த கோப்புகளில் படித்திருக்கிறேன். அந்தக் கோப்புகளைப் படித்துவிட்டு விதியைத் திட்ட எனக்கு மனம் வராது, இப்போதும் வராது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பேனா பிடித்தே பென்ஷன் வாங்கியவர்கள். எங்கள் வீட்டில் ஒருவரைப் புகழ வேண்டுமானால் ‘அவன்ர ஃபைல் சுத்தம்’ என்பார்கள். அழகு, படிப்பு, பணம் எல்லாம் அதற்கு அடுத்ததுதான். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள், அந்தப் புகழுக்கு ஏங்கியவள்.

ஒருநாள் மாலை, சுங்கை பினாங் பக்கத்தில் ஒரு கம்பத்திலிருந்து, அதாவது பலகை வீட்டுக் குடியிருப்பிலிருந்து, ஓர் அக்கா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எலக்ட்ரானிக் ஃபேக்டரியின் நீல மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஷிப்டு முடிந்து பஸ் பிடித்து நேராக வந்திருந்தார்.

"தங்கச்சி, எங்க கம்பத்து முன்னால பெரிய லொங்காங் ஓடுதுல்ல, அதுக்கு மேல ரெண்டு பலகைதான் போட்டுருக்கு. நாங்க எப்படியாச்சும் நடந்துருவோம். எங்க வீட்டுக்காரருக்குத்தான் முடியல."

வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இனிப்பு நீர் வியாதி முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மற்றக் காலிலும் புண். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். யாரோ தானமாகக் கொடுத்த சக்கர நாற்காலி இருந்தது. ஆனால் ரோட்டுக்கு வர அந்தச் சாக்கடையைத் தாண்டியாக வேண்டுமே. அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு அந்த அரை அடிப் பலகையில் நடப்பார்கள். மூன்றாவது ஆள் நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு பின்னால் வருவார். வேலைநாளில் ஆண்கள் கம்பத்தில் இருப்பதில்லை. அன்றைக்குக் கட்டு மாற்றுவது தவறிப்போகும்.

"போன மாசம் மூணு தடவ தப்பிப்போச்சு. டாக்டர் ஏசுறாரு. இந்தக் காலையும் எடுக்கணும்னா நான் என்ன பண்ணுவேன்? ஆறடி சிமெண்டு, தங்கச்சி. அவ்வளவுதான் கேக்குறேன்."

நான் நில வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ரோடு பொது நிலம். சாக்கடையின் இந்தப் பக்கக் கரை பொது நிலம். அந்தப் பக்கக் கரையும் கம்பமும் ஒரு பணக்காரக் குடும்பத்தின் நிலம். பாலத்தின் ஒரு முனை சட்டப்படி சரி, மறுமுனை தவறு. ஒய்.பி.யிடம் சொன்னேன்.

"எப்படியாச்சும் செஞ்சு குடும்மா, பாவம்லா" என்றார். சொல்லிவிட்டு ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் எங்கள் சில்லறை வேலைகளைச் செய்யும் குத்தகையாளர் ஒருவர் வந்திருந்தார். வெற்றிலை போடும், வாய் நிறையச் சிரிக்கும் மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் மேசைமேல் குனிந்தார்.

"தங்கச்சி, அடுத்த வாரம் ரோட்டு ஓரத்து லொங்காங்குக்கு ஸ்லாப் போடறோம்ல? ரெண்டு ஸ்லாப் மிச்சமாகும். போற வழியில அங்க வச்சிட்டுப் போறேன். காயிதத்துல ஒண்ணும் வேணாம். நீங்களும் கேக்காதீங்க, நானும் சொல்லல."

"அண்ணே, அது சர்க்கார் ஸ்லாப்."

"ஸ்லாப்புக்கு என்ன தெரியும், சர்க்காரா சாமியாரான்னு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அரசாங்கப் பொருள், தனியார் நிலம், தணிக்கை என்று நீளமாக ஏதோ சொன்னேன். அவர் கையை உயர்த்தி, "சரி சரி, ஒங்க இஷ்டம்" என்று படியிறங்கிப் போனார். அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் எழுந்து போய் எதையாவது உடைக்க வேண்டும்போல் இருக்கிறது.

நேரான வழியிலேயே அந்தப் பாலத்தைக் கட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். உரிமையாளரிடம் சம்மதம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். விதி கேட்டது அதைத்தான். இன்ன இடத்தில் ஒரு சிறு பாலம் கட்ட அனுமதி வேண்டுகிறோம் என்று நான்கு வரி போதும். நான்கு வரியோடு நான் நின்றிருக்கலாம்.

வெறும் நான்கு வரிக் கடிதத்தை யார் மதிப்பார்கள் என்று தோன்றியது. அங்கே எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள் என்று விவரமாகக் காட்டினால் மறுக்க மாட்டார்கள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக அந்தப் பலகைமேல் நடந்து கம்பத்துக்குள் போனேன். பலகை என் எடைக்கே வளைந்தது. கீழே கறுப்புத் தண்ணீரில் ஒரு பால் டின் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வீடுகள். பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்தார்கள். மூன்று வீட்டில் மைலோ, ஒரு வீட்டில் கேசரி. ஒய்.பி. ஆபீசிலிருந்து ஆள் வந்து வீட்டுக்குள் உட்காருவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கேட்காததையும் சொன்னார்கள். வீடு அவர்களுடையது, நிலத்துக்கு மட்டும் வாடகை; பெட்டியைத் திறந்து அந்தத் தரை வாடகை ரசீதுகளை எடுத்துக் காட்டினார்கள்.

அந்த அக்காவின் வீட்டு ரசீதில் வேறு ஒருவர் பெயர் இருந்தது.

"இது யாருக்கா?"

"அவரு பழைய ஆளு. இந்த வீட்டக் கட்டுனவரு. அவருகிட்டதான் நாங்க வாங்குனோம். செத்துப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. மக்க எல்லாம் ஈப்போவுல இருக்காங்க. வாடகைக்கு வர்ற ஆளு அவரு பேர்லயே எழுதிக் குடுப்பாரு. நாங்களும் ஒண்ணும் கேக்கறதில்ல."

இப்படி ஐந்து வீடுகள் இருந்தன. செத்தவர் பெயரில், ஊரைவிட்டுப் போனவர் பெயரில் ரசீது. மாதாமாதம் வாடகை வசூலிக்க வருபவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். அவர் அப்படித் தெரியாததுபோல் இருந்ததால்தான் அந்த ஐந்து குடும்பங்கள் அத்தனை வருஷம் குடியிருந்தன. எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. ரசீதும் ஆளும் பொருந்தவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டது.

அந்த அக்காவின் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும். தோள்கள் மட்டும் அப்படியே இருந்தன. "பாலம் வந்துருச்சுன்னா நானே தள்ளிக்கிட்டு ரோட்டுக்குப் போயிருவேன் தங்கச்சி. யாரையும் தூக்கச் சொல்ல வேணாம். பெரிய பெரிய மூட்டையத் தூக்குன கை இது, இப்ப மத்தவன் என்னத் தூக்குறான்" என்றார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

கடிதத்தை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு வீடுகளின் பட்டியலைக் கட்டம் போட்டுத் தட்டச்சு செய்து இணைத்தேன். வீட்டு எண், ரசீதில் உள்ள பெயர், உண்மையில் குடியிருப்பவர் பெயர், எத்தனை பேர், நோயாளிகள் யார், எத்தனை ஆண்டாக. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ஐந்து வீடுகளுக்கு நேரே, வாடகைதாரர் இறந்துவிட்டார், அல்லது வேறு ஊருக்குப் போய்விட்டார், தற்போது இன்னார் வசிக்கிறார் என்று எழுதினேன். ஒரு பிழை இல்லை. ஒரு பொய் இல்லை. கார்பன் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"பிழை பிடிக்க ஒண்டுமில்லைப் பிள்ளை. இதைப் பார்த்திட்டு ஒருத்தனும் மாட்டன் எண்டு சொல்லேலாது."

ஒய்.பி. படிக்காமலே ஒப்பமிட்டார். அவர் பெயருக்குக் கீழே, தயாரித்தவர் என்று என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் யாரும் கேட்டதில்லை, நானாகச் செய்தது. மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல், கோப்புக்கு ஒரு நகல்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா வந்தார்.

"தங்கச்சி, இந்த மாசம் வாடகைக்கு ஆளு வரல. நாங்களே கொண்டு போய்க் குடுத்தோம். வாங்க மாட்டேங்குறாங்க. என்னான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

நான் தொலைபேசியில் கேட்டேன். வழக்கறிஞரிடம் பேசச் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம் ஐந்து வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தது. நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். அந்த அக்கா நோட்டீஸை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியை முன்பே எங்கோ படித்ததுபோல் இருந்தது. அது என்னுடைய வாக்கியம். ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்திருந்தார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டிக்காவது ஊத ஆசை இருந்தது என்று மன்னிக்கலாம். நான் நல்ல எழுத்தர் என்று காட்டிக்கொள்வதற்காக ஐந்து வீட்டைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஒய்.பி.யிடம் அழுதேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நீ ஏன்மா இவ்வளவு எழுதினே? ஒரு வரி எழுதிட்டு விட்டிருக்கலாம்லா."

"நீங்களாவது படிச்சுப் பார்த்துட்டு சைன் போட்டிருக்கலாமே?"

"ஒன்னோட லெட்டர நான் என்னைக்கும்மா படிச்சேன்? அதான் நீ கரெக்டா எழுதுவியே" என்றார். அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. உரிமையாளரைப் பார்த்துப் பேசினார். ரசீதில் பெயர் உள்ள ஏழு வீடுகளுக்கு இழப்பீடு கொடுத்துப் பின்னால் காலி செய்ய வைப்பதாகவும், மற்ற ஐந்தும் உடனே போக வேண்டும் என்றும் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து வீட்டுக்காரர்களும் ஓர் இளம் வழக்கறிஞரைப் பிடித்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். காலங்காலமாக வாடகை வாங்கியதே சம்மதம்தான், அவர்களைத் தெரிந்துதான் வாங்கினார்கள் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு, எங்களுக்குத் தெரியவே தெரியாது, சேவை மையத்தின் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது என்றது. அதை உறுதிப்படுத்த என்னைச் சாட்சியாக அழைத்தார்கள்.

கூண்டில் ஏறியதும் என் கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். மூலையில் ஒரு முத்திரை, ஓர் எண்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"இந்தப் பட்டியலை நேரில் போய் விசாரித்துத் தயாரித்தீர்களா?"

"ஆமாம்."

"இதில் உள்ளது எல்லாம் உண்மையா?"

அந்த அக்கா இரண்டாவது பெஞ்சில் இருந்தார். சம்பளம் இழந்து விடுப்பு எடுத்து வந்திருந்தார். நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வாடகை வசூலிப்பவருக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நேரில் பார்த்தீர்களா என்றார்கள். நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். "உண்மை" என்றேன்.

வழக்கு தோற்றது. செத்தவரின் மக்கள் ஈப்போவிலிருந்து வந்து, அப்பா பெயரில் ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் அக்காவின் கணவரான அந்த அண்ணனின் மற்றக் காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் ஒதுக்கீட்டில் பணம் மிஞ்சியது. செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும். மூன்று சங்கங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கொடுத்தோம். விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

வீடு காலி செய்யும் நாள் வந்தது. வீடு இழந்தவர்கள் சாமான் ஏற்றிப்போக லோரி வாடகை கொடுக்கலாம் என்று சுற்றறிக்கையில் ஒரு விதி இருந்தது. அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. உதவி பெறுபவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் போதும். லோரியை வரச் சொல்லிவிட்டு விண்ணப்பப் பாரத்தோடு நானே போனேன். அந்த அக்கா கடலுக்கு அப்பால், செபராங் ஜெயாவில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். அங்கிருந்து தீவுக்கு ஷிப்டு பஸ் இல்லை. வேலையை விட்டுவிட்டார்.

சாமான்கள் ரோட்டோரம் கிடந்தன. மெத்தை, கேஸ் அடுப்பு, சாமி படங்கள், துணி மூட்டைகள், மடக்கிய சக்கர நாற்காலி. இரண்டு பேர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, லோரிக்கு ஆபீஸ் குடுக்குது. இதுல ஒரு சைன் மட்டும் போடுங்க."

அவர் பாரத்தை வாங்கவில்லை. எட்ட நின்றே பார்த்தார்.

"இதுல எங்க பேரு எழுதணுமா, மிஸ்?"

அன்று வரை அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"ஆமாக்கா. பேரும் ஐ.சி. நம்பரும்."

"அப்ப வேணாம் மிஸ். எங்க பேர எதுலயும் எழுதாதீங்க. நான் கைவண்டியில கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போயிக்கிறேன்." குரலில் கோபம் இல்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார்.

கைவண்டியில் கடலைத் தாண்டி எப்படிப் போவது? அது அவருக்கும் தெரியும். லோரிக்காரர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். நான் அந்தப் பாரத்தை இரண்டாகக் கிழித்தேன். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, லோரியின் பக்கப் பலகையில் வைத்து, ‘பொதுச் சாலையோரத்தில் கிடந்த குப்பையை அகற்ற லோரி வாடகை’ என்று எழுதினேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். எழுதி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தாளைப் பற்றி மாவட்ட அலுவலகமோ தணிக்கைக்காரரோ பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாமான்களை ஏற்றினார்கள். அண்ணனை முன் இருக்கையில் உட்கார வைத்துத் துணியால் கட்டினார்கள். ஏறுவதற்கு முன் அக்கா என்னிடம் வந்தார்.

"என்ன மிஸ் எழுதுனீங்க?"

"உங்க பேரு இல்லக்கா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு லோரியின் பின்னால், அந்த மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார்.